இரண்டு சுருதி கீழே

போன வருஷ அம்மன் கொடைத் திருவிழாவில் பூவனலிங்கத்தை வெட்டிப் போட்ட இடத்தில்தான் இந்த வருஷம் மேடை போட்டிருந்தார்கள். வேண்டுமென்று செய்ததல்ல. ஊசிக்கரிசலில் வடக்குத்தெருவுக்கும் தெற்குத்தெருவுக்கும் பொதுவான இடம் என்று அது ஒன்றுதான் இருந்தது.

அஞ்சலினுக்கு அது தெரியாது. பசுவந்தனை தாண்டியதிலிருந்து வேனில் தூங்கிக்கொண்டு வந்தவள், இறங்கியதும் வெள்ளைத் திரையை எங்கே கட்டலாம் என்றுதான் பார்த்தாள். மேடைக்குப் பின்னால் இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவில் கட்டினார்கள். மேடையின் ஓரத்தில் புரொஜெக்டர். மேடைக்கு இடப்பக்கம், கீழே, அவளுக்கு ஒரு மேசை. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேசையின் ஒரு கால் வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. செங்கல் துண்டு கொடுத்து நிமிர்த்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். பையிலிருந்து கேம் பேடை எடுத்துச் சொருகினாள்.

கொம்பையா வந்து பார்த்தார். கொடைக் கமிட்டித் தலைவர். இரண்டு தெருவையும் சேராத ஒற்றை வீட்டுக்காரர் என்பதாலேயே தலைவரானவர்.

“என்ன தாயி, பாட்டுக் கச்சேரின்னு கூட்டியாந்தா வீடியோ கேம் வெளையாட வந்திருக்கியா?”

“இதுல அமுக்குனா அதுல படம் ஓடும் அண்ணாச்சி.”

“எங்க, அமுக்கு பாப்போம்.”

அமுக்கினாள். வெயில் இன்னும் இருந்தது. திரையில் நீர் காய்ந்த தடம்போல ஒரு வட்டம் தெரிந்தது.

“இதுக்கா லேப்டாப்பு?”

“வெளிச்சம் போகட்டும் அண்ணாச்சி. அப்பப் பாருங்க.”

இரண்டாயிரத்து ஏழு, சித்திரை. அந்தப் பக்கத்துக் கச்சேரிகளில் அப்போது திரை கட்டுகிறவர்கள் வேறு யாரும் இல்லை. அஞ்சலின் கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தாள். அண்ணன் யோவான் இன்னிசைக் குழு நடத்தினான். அவன் கீபோர்டிலிருந்து மிடி வயர் ஒன்று அவள் லேப்டாப்புக்கு வரும். அந்த வயரில் சத்தம் வராது. எந்தக் கட்டை அமுங்கியது, எவ்வளவு அழுத்தமாக அமுங்கியது என்ற சேதி மட்டும் வரும். கீபோர்டின் இடது ஓரத்துப் பன்னிரண்டு கட்டைகளுக்கும் அவள் ஒவ்வொரு நிறம் கொடுத்திருந்தாள். யோவானின் இடது கை எந்தக் கட்டையில் விழுகிறதோ அந்த நிறம் திரை முழுக்கப் பரவும். அதன்மேல் என்ன வரைவது என்பது அவள் வசம். பேடில் அமுக்குவதையும் மிடிச் சேதியாக மாற்றிக் கொடுக்கிற ஒரு குட்டி புரோகிராமை எங்கேயோ தேடிப் பிடித்து வைத்திருந்தாள். இடது குச்சியைச் சுழற்றினால் வெள்ளை வட்டம் சுழலும். வலது குச்சியை இழுத்தால் வெள்ளைப் பூ விரியும். ஒரு பொத்தான் மின்னல். இன்னொரு பொத்தான் திரையைக் குறுக்கே பாதியாக வெட்டிக் கீழ்ப்பாதியை வெள்ளையாக்கும்.

“செவப்பா வரட்டும், நீலமா வரட்டும், அது ஒம்பாடு” என்றார் கொம்பையா. “ஊதாவும் வெள்ளையும் சேந்து வரப்பிடாது. அது தெற்குத்தெருக் கொடி. ஆரஞ்சும் கறுப்பும் சேந்து வரப்பிடாது. அது வடக்குத்தெரு.”

“கலருக்கா அண்ணாச்சி?”

“கலருக்குத்தான். போன கொடையில பூவனலிங்கம் கம்பத்துல ஏறி ஆரஞ்சு ரிப்பன் கட்டுனான். கட்டிட்டு அவனா எறங்கல. எறக்குனாங்க. இந்தா, நீ நிக்கெ பாரு, அங்கனதான் கெடந்தான். கை ஒண்ணு அன்னா அந்த வேம்புக்கிட்டக் கெடந்தது.”

அஞ்சலின் காலை நகர்த்தினாள்.

“வளையல் கடைக்காரனயே ஊதா வளையல எடுத்து உள்ள வையின்னுட்டேன். டியூப் லைட்டுல சுத்துன கலர் பேப்பரப் பூராம் உரிச்சாச்சு. ஜெனரேட்டர்கிட்ட ஒருத்தன் கையக் கட்டிட்டு நிக்கான் பாரு. மாரிராஜ். செத்தவனுக்குத் தம்பி. வருஷம் திரும்பிருச்சி, இன்னும் திவசம் பண்ண விட மாட்டேங்கான். என்னத்துக்குக் காத்துக்கிட்டிருக்கான்னு ஊருக்கே தெரியும். நீ பாட்டுக்கு ஒரு கலரப் போட்டு அவனுக்கு வழி பண்ணிக் குடுத்துராத.”

மாரிராஜ் ஒல்லியான ஆள். இஸ்திரி போட்ட சட்டை. ஜெனரேட்டரில் டீசல் ஊற்றுகிறவனோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆரஞ்சு அஞ்சலினுக்கு எப்போதுமே பிடிக்காது. வைத்ததே இல்லை. ஊதா இருந்தது. அழித்திருக்கலாம். மறுநாள் தூத்துக்குடியில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண்வீட்டார் ஊதாதான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மறுபடி உட்கார்ந்து சரிபண்ணச் சோம்பலாக இருந்தது. யோவானைக் கூப்பிட்டு, இன்றைய பாட்டுகளில் இடது கை போகாத கட்டை எது என்று கேட்டாள். அவன் ஒரு கறுப்புக் கட்டையைக் காட்டினான். ஊதாவை அதற்கு மாற்றினாள்.

“இதத் தொட்டுராதண்ணே.”

“தொட்டா சுருதி பிசகும்ட்டி. தொடச் சொன்னாலும் தொட மாட்டேன்.”

பாடகன் இசக்கிபாண்டி தெற்குத்தெருவிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். யோவானோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அஞ்சலினுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன். தெற்குத்தெருவில் அவனுக்குச் சித்தி ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டில் கோழி அடித்திருந்தார்கள்.

“யாருகிட்டக் கேட்டு அங்க போனே?” கொம்பையாவின் முகம் மாறிவிட்டது.

“சித்தி வீடு அண்ணாச்சி. கூப்பிட்டாவ. போகாம இருந்தா தப்பு.”

“போனாத்தாம்லே தப்பு. வடக்குத்தெருக்காரன் அத்தன பேரும் பாத்துக்கிட்டிருக்கான். இனிமே மேடைய விட்டு எறங்காத.”

“ஒண்ணுக்கு வந்தா?”

“அடக்கிக்க.”

இசக்கிபாண்டி சிரித்தான். குரல் கம்மியிருந்தது. தொடர்ந்து மூன்றாவது கொடை அவனுக்கு. அஞ்சலின் வெந்நீர் கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

விளக்கு வைத்ததும் கச்சேரி தொடங்கியது. நடுவில் கயிறு கட்டி, வடக்குத்தெரு வலப்பக்கம், தெற்குத்தெரு இடப்பக்கம் என்று உட்கார வைத்திருந்தார்கள். கயிற்றின் ஓரத்தில் லத்தியோடு இரண்டு காவலர்கள்.

முதலில் அம்மன் பாட்டு. யோவானின் இடது கை விழுந்ததும் திரை சிவந்தது. அஞ்சலின் குச்சியைச் சுழற்றினாள். சிவப்பின் நடுவில் வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டே பெரிதானது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்து ஒரு குத்துப்பாட்டு. மாயகிருஷ்ணன் ரிதம் பேடில் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அவள் மின்னலைப் போட்டாள். கட்டைவிரல் அவனுடைய குச்சியை விடாமல் துரத்தியது. கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் விசிலடித்தார்கள். கொம்பையா மேசைப்பக்கம் வந்து நின்று, “சும்மா சொல்லக்கூடாது தாயி” என்றார். மூன்றாவது பாட்டுக்கு அவரே தலையாட்டினார்.

ஐந்தாவது பாட்டின் பல்லவியில் இசக்கிபாண்டியின் குரல் உடைந்தது. மேலே போன இடத்தில் வெறும் காற்று வந்தது. கூட்டத்தில் யாரோ, “ஏலே, கோழி எலும்பு மாட்டிக்கிச்சா?” என்றான். சிரிப்பு. இசக்கிபாண்டியும் சிரித்துக்கொண்டே திரும்பி யோவானுக்கு இரண்டு விரலைக் கீழே காட்டினான். சுருதியை இரண்டு இறக்கு என்று அர்த்தம். யோவான் வலது கையை எடுத்து டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினான். இனி அவன் விரல்கள் பழைய கட்டைகளிலேயே ஓடும்; கீபோர்டு எல்லாவற்றையும் இரண்டு இறக்கிப் பேசும். சத்தத்தை மட்டுமல்ல, மிடி வயரில் போகிற சேதியையும்.

அஞ்சலின் அந்த இரண்டு விரலைப் பார்த்தாள். இதற்கு முன் எத்தனையோ மேடையில் பார்த்திருக்கிறாள். சுருதி இறங்கும்போது நிறங்கள் இடம் மாறும். சிவப்பு வரும் இடத்தில் வேறொன்று வரும். யாரும் அதைக் கவனித்ததில்லை. அவளும் கவனித்ததில்லை.

சரணம் வந்தது. யோவானின் இடது கை அதிகம் தங்குகிற கட்டையில் இறங்கியது. இசக்கிபாண்டி வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்திக் குரலை எடுத்தான். குரல் வந்தது. அந்த நொடிக்காகவே காத்திருந்தவள் பாதியாக வெட்டுகிற பொத்தானை அமுக்கிப் பிடித்தாள்.

திரை அவளுக்குச் சாய்வாக இருந்தது. நிறத்தை அவள் முதலில் பார்த்தது திரையில் அல்ல, எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களில். முன்வரிசைக்காரர்கள் முகமெல்லாம் ஊதாவாக இருந்தது. பிறகுதான் தலையைத் திருப்பினாள். மேல்பாதி ஊதா. கீழ்ப்பாதி வெள்ளை. வீட்டுக்கூரை அளவுக்கு, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், தெற்குத்தெருக் கொடி. அதன்முன் கையை உயர்த்தி நின்று பாடிக்கொண்டிருந்தான் இசக்கிபாண்டி.

கட்டைவிரலை எடுத்தாள். அதற்குள் இடப்பக்கம் மொத்தமாக எழுந்துவிட்டது. துண்டுகள் சுழன்றன.

“நம்ம கலருலே! ஏறிட்டுலே கொடி!”

வலப்பக்கத்தில் சத்தமே இல்லை. பிறகு அங்கிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது.

அது மாயகிருஷ்ணனின் ரிதம் பேடில் விழுந்து ஒரு தாளத்தை அடித்துவிட்டுக் கீழே உருண்டது. அடுத்துக் கல். கல்லோடு கரிசல் கட்டிகள். காய்ந்த கட்டிகள் மண்டையில் பட்டு வெடித்தன. கயிறு அறுந்தது. டியூப் லைட்டுகளைக் கம்பத்திலிருந்து பிடுங்கி அதைக்கொண்டே அடித்தார்கள். ஒவ்வொன்றும் வெடிக்கும்போது வெள்ளைப் பொடி பறந்தது. ஒரு காவலருக்கு நெற்றி பிளந்தது. மற்றவர் அவரை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஒரு பெண் குழந்தையை வயிற்றுக்கடியில் போட்டுக் குனிந்து கிடந்தாள். அவள் முதுகின்மேல் கால் வைத்து ஆட்கள் ஓடினார்கள்.

வடக்குத்தெருவில் ஆள் அதிகம். அவர்கள் முன்கூட்டியே வைக்கோல் படப்பில் கம்பு சொருகி வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தெற்குத்தெருக்காரர்களை அடித்துத் தெரு வாசலுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்து கல் மட்டும் வந்துகொண்டிருந்தது. மேடை இருந்த இடம் முழுக்க வடக்குத்தெரு.

யோவான் மேடையிலிருந்து குதித்து அஞ்சலினை இழுத்தான். திரைக்குப் பின்னால் வேன் நின்றது. வேனுக்கும் அங்கிருந்த குட்டிச்சுவருக்கும் நடுவில் அவளைத் தள்ளி, தானும் உட்கார்ந்தான். மாயகிருஷ்ணன் ஏற்கெனவே ஸ்டியரிங்குக்குக் கீழே சுருண்டிருந்தான்.

“இசக்கி எங்கண்ணே?”

யோவான் திரைப்பக்கம் பார்த்தான். திரைக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் இருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. துணியில் நிழல்கள் தெரிந்தன. ஒரு நிழலை நான்கைந்து நிழல்கள் இழுத்து வந்து போட்டன.

“சித்தி வீட்டுல கோழியத் தின்னுட்டு வந்து கொடி ஏத்துதான் பாரு.”

“கையத் தூக்கிச் சாட காட்டுனான்லே! நாம் பாத்தேன். அவங் கையத் தூக்கவும் கொடி வந்துது.”

“எவ்வளவு குடுத்தாவ ஒனக்கு? ஏல, சொல்லு. வாயிலதான பாடுன, சொல்லு.”

மைக் ஸ்டாண்டைத் தூக்கி ஒரு நிழல் இறக்கியது. எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. இசக்கிபாண்டி கத்தினான். கம்மிய குரல் என்பதால் கத்துவது இருமுவது போல இருந்தது.

“சுருதி எறக்குனேல்லா” என்றாள் அஞ்சலின். “ஊதா வச்ச கட்டைக்கு எறங்கிருச்சி.”

“தெரியும்.”

“அவன் ஒண்ணும் பண்ணலண்ணே.”

“வாயத் தொறக்காத.”

“நாம போயிச் சொல்லுவோம்.”

“சொன்னா? அவன விட்டுட்டு நம்மள வெட்டுவான். அவனுக்காச்சும் இந்த ஊர்ல கேக்க ஆள் இருக்கு. நமக்கு யாரு இருக்கா? போலீசு வரட்டும்.”

“வாறதுக்குள்ள கொன்னுருவான்.”

திரைக்கு அந்தப் பக்கம் சத்தம் சட்டென்று குறைந்தது. வழிவிட்டு ஒதுங்குகிற நிழல்கள். ஒல்லியான நிழல் ஒன்று நடந்து வந்தது. அதன் கையில் வளைந்த நிழல்.

“முட்டி போட்டு உக்கார வையி” என்றது மாரிராஜின் குரல். நிதானமாகச் சொன்னான்.

அஞ்சலின் எழுந்தாள். யோவான் அவள் வாயைப் பொத்திக் கீழே அமுக்கினான். அவள் அவன் உள்ளங்கையைக் கடித்தாள். அவன் விடவில்லை. வாயில் ரத்தம் உப்புக் கரிக்கும்வரை கடித்தாள். அவன் கை தளர்ந்தது. திரையின் கீழ்விளிம்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

இசக்கிபாண்டியை மேடையின் விளிம்பில் முட்டிபோட்டு வைத்திருந்தார்கள். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. ஒருவன் அவன் முடியைப் பிடித்துக் கழுத்தை நீட்டிக் கொடுத்திருந்தான். கொம்பையா சட்டை கிழிந்து, மாரிராஜின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவன் இல்ல! நாந்தான் போட்டேன்!” என்று கத்தினாள் அஞ்சலின்.

யாரோ ஓங்கி அறைந்தான். விழுந்து எழுந்தாள்.

“ஏட்டி, ஓடிப்போயிரு. பொம்பளன்னு பாக்க மாட்டேன்.”

“ஊதா வச்சது நான். இவனுக்கு ஒண்ணுமே தெரியாது. நாளைக்கு ஒரு கல்யாணத்துக்காக வச்சிருந்தேன். ஒரு மூலைல வச்சிருந்தேன். சுருதிய எறக்குனதும் அது வெளிய வந்துட்டு.”

“சுருதிய எறக்குனா கொடி ஏறுமோ?” என்றான் முடியைப் பிடித்திருந்தவன். சிலர் சிரித்தார்கள். “அவளுக்கு இவன் வேணும்லே. அதான் பொய் சொல்லுதா.”

“காட்டுதேன். பாத்துட்டு வெட்டுங்க.”

மாரிராஜ் அவளைப் பார்த்தான். அரிவாளை இறக்கவில்லை. “காட்டு” என்றான்.

மேசை கவிழ்ந்து கிடந்தது. லேப்டாப் தரையில் மூடி ஒடிந்து கிடந்தது; ஆனால் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைத் தூக்கி நிமிர்த்தினாள். பேட் வயரில் தொங்கியது. புரொஜெக்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரையிலும் வேம்பிலுமாக வெளிச்சம் அடித்தது. மேடையேறினாள். கீபோர்டு ஸ்டாண்டிலேயே இருந்தது. இடது ஓரத்தில் யோவானின் விரல் அதிகம் தங்கிய கட்டையை அமுக்கினாள். திரை ஊதாவானது. வடக்குத்தெருக்காரர்கள் உறுமினார்கள். பொத்தானை இரண்டு தடவை தட்டிச் சுருதியைப் பழைய இடத்துக்கு ஏற்றினாள். அதே கட்டையை அமுக்கினாள். சிவப்பு. மறுபடி இறக்கினாள். ஊதா. ஏற்றினாள். சிவப்பு.

“பாருங்க. ஒரே கட்டதான். இவன் தொண்ட கட்டுனதால எறக்குனது. வேற ஒண்ணுமில்ல.”

தெருவாசலிலிருந்து வந்த கல் ஒன்று மேடைப் பலகையில் விழுந்து உருண்டது.

“இன்னொருக்க” என்றான் மாரிராஜ்.

மறுபடி காட்டினாள்.

மாரிராஜ் திரையைப் பார்த்தான். கீபோர்டைப் பார்த்தான். படித்தவன் என்று தெரிந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. இசக்கிபாண்டியின் முடியைப் பிடித்திருந்தவனிடம் கையைக் காட்டினான். அவன் முடியை விட்டான். இசக்கிபாண்டி முகம் குப்புற விழுந்தான்.

கொம்பையா கும்பிட்டார். “தெரியாம நடந்து போச்சு மக்கா. பாத்தேல்லா. தெரியாமத்தான் நடந்திருக்கு. விட்டுரு.”

“தெரியாமத்தான் நடந்திருக்கு” என்றான் மாரிராஜ். “எங்கண்ணன் ரிப்பன் கட்டுனதும் ஒண்ணும் தெரியாமத்தான். இருவது வயசு. என்ன தெரியும் அவனுக்கு? விட்டாங்களா?”

“மாரிராஜு...”

“சும்மா இரும் வே.” அஞ்சலினைப் பார்த்துத் திரும்பினான். “அந்தப் பொத்தான அமுக்குனது யாரு?”

“ஊதா வச்சது நான்.”

“அதக் கேக்கல. பாட்டு நடக்கும்போது கீபோர்டுல நின்னது ஒரு ஆம்பள. அவன் யாரு?”

இவ்வளவு நேரம் கத்திய அஞ்சலின், இப்போது உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். தான் காட்டியதில் அண்ணனும் இருந்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“அவன் ஓடிட்டானா? சரி.” மாரிராஜ் மறுபடி இசக்கிபாண்டியின் பக்கம் நகர்ந்தான். “அப்ப இவன் போதும்.”

திரைக்குப் பின்னாலிருந்து யோவான் வந்தான். கடிபட்ட கையை மற்றக் கையால் பிடித்திருந்தான்.

“நாந்தான்” என்றான்.

தரையில் கிடந்த இசக்கிபாண்டி தலையைத் தூக்க முயன்றான். ஏதோ சொன்னான். தாடை உடைந்த வாயில் சொல் உருவாகவில்லை. இரண்டு விரலை நீட்டித் தன்னைத் தொட்டுக் காட்டினான். யாருக்கும் அது புரியவில்லை. யோவானுக்குப் புரிந்தது.

“நீ பேசாமக் கெட மக்கா” என்றான்.

“கைய அதுமேல வையி” என்றான் மாரிராஜ்.

இரண்டு பேர் யோவானைப் பிடித்துக் கீபோர்டுக்கு இழுத்தார்கள். அஞ்சலின் மாரிராஜின் கையில் தொங்கினாள். அவன் உதறியதில் மேடையிலிருந்து தரைக்குப் போய் விழுந்தாள். தோள்பட்டை மண்ணில் மோதியது. அங்கிருந்து அவளுக்கு யோவானின் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு திரை தெரிந்தது.

அரிவாள் இறங்கியபோது கட்டைகள் ஏழெட்டு ஒன்றாக அமுங்கின. கீபோர்டு நாய் ஊளையிடுவது போல ஒரு சத்தம் போட்டது. திரையில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எல்லாம் சேர்ந்து சேற்று நிறமாகி, அப்படியே நின்றது. யோவான் கத்தியது அதற்குப் பிறகுதான் கேட்டது.

மாரிராஜ் அரிவாளைத் திரைத்துணியில் துடைத்தான். இரண்டு பக்கமும் துடைத்தான்.

“நாளைக்கித் திவசம்” என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போனான்.

கொம்பையா யோவானின் கையில் துண்டைச் சுற்றினார். மாயகிருஷ்ணன் வேனைத் திரையைக் கிழித்துக்கொண்டு மேடையோரம் கொண்டுவந்தான். இசக்கிபாண்டியைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். யோவானை நடுவில் உட்கார வைத்தார்கள். அஞ்சலின் மேடைமேல் தவழ்ந்து தேடினாள். இரண்டு விரல்கள் கட்டைகளுக்கு நடுவிலேயே இருந்தன. மூன்றாவது கிடைக்கவில்லை. மாயகிருஷ்ணன் ஹாரன் அடித்தான். தாவணியைக் கிழித்து அந்த இரண்டையும் சுற்றி எடுத்துக்கொண்டு ஏறினாள்.

கோவில்பட்டிக்குப் போகிற பாதை குண்டும் குழியுமாக இருந்தது. இருபுறமும் பருத்திச் செடி அறுத்த காடு. வேன் குதிக்கும்போதெல்லாம் யோவான் பல்லைக் கடித்தான். துண்டு முழுக்க நனைந்து அவன் மடியில் சொட்டியது. அஞ்சலின் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து மேலே தூக்கி வைத்திருந்தாள்.

“எத்தன?” என்றான் யோவான்.

“மூணு.”

“எது எது?”

சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். மற்ற கையின் விரல்கள் தொடைமேல் ஒரு தடவை அசைந்து பார்த்துவிட்டு நின்றன.

பசுவந்தனை விளக்குகள் தெரிந்தன.

“நீ சொல்லாம இருந்திருக்கலாம்ட்டி” என்றான்.

“இருந்திருக்கலாம்.”

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. பின்சீட்டில் இசக்கிபாண்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ரத்தமும் எச்சிலும் தொண்டையில் கொழகொழத்து, நின்று, பிறகு பெரிதாக இழுத்து வந்தது. ஒவ்வொரு தடவை நின்றபோதும் யோவான் தலையைத் திருப்பினான். மூச்சு மறுபடி வந்தது. அஞ்சலின் பிடியைத் தளர்த்தாமல் அடுத்த மூச்சுக்குக் காது கொடுத்தாள்.